மழைக்கு மறுநாள் இறக்கிய கள்

நெல்லுச்சோறு போடுவார்கள் என்றதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கே போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் அப்புறம்தான் கேட்டேன்.

அப்போது நான் பினாங்கில் ஒரு துணிக்கடையில் சிப்பந்தி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவன், சண்டை மூண்டு கப்பல் நின்றதும் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டேன். ஜப்பான்காரன் வந்த பிறகு கடையில் துணி கிடையாது. துணி இல்லாத துணிக்கடையில் எனக்கு இருந்த வேலை, காலையில் கதவைத் திறப்பதும் சாயங்காலம் சாத்துவதும்தான். சாப்பாடு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. வேகவைத்த கிழங்கு, அரைத்துத் தட்டிய கிழங்கு, காயவைத்து இடித்த கிழங்கு. இரவில் படுத்தால் வயிற்றுக்குள் அது கல்லாகக் கிடக்கும்.

எங்கள் முதலாளி சண்டைக்கு முன்பு கள்ளுக்கடைகளையும் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். கெடாவில் தோட்டங்களை மேற்பார்வையிடும் ஜப்பான் துரை ஒருவர், சுங்கைப் பட்டாணியில் இருக்கும் சிப்பாய்களுக்குக் கள் எடுக்கப் போகிறாராம். எந்தத் தோட்டத்துக் கள் நல்லது என்று ருசி பார்த்துச் சொல்ல விவரம் தெரிந்த ஆள் வேண்டுமாம். ஒருநாள் முழுக்க லாரியில் அழைத்துப் போய்த் தென்னந்தோப்புகளைச் சுற்றிக்காட்டி, மதியம் அரிசிச் சோற்றோடு விருந்தும் வைப்பாராம். ஆள் வந்து சொன்ன அன்றைக்கே முதலாளிக்கு வயிற்றுவலி வந்துவிட்டது.

"நீ போய்ட்டு வாப்பா" என்றார்.

"நான் கள்ளு குடிச்சதே இல்லையே முதலாளி."

"நீ பொடவை கட்டியிருக்கியா? கட்டினா எப்படி இருக்கும்னு பொம்பளைங்ககிட்ட சொல்லிச் சொல்லி விக்கல? வாய் இருக்குல்ல, போ."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பசித்தவனுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

சுங்கைப் பட்டாணிக்கு ரயிலில் நின்றுகொண்டே போனேன். ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தது. இன்னொரு கால் யாருடைய மூட்டையின் மேலோ இருந்தது. நாகப்பட்டினத்தில் திருவிழா ரயிலிலும் இப்படித்தான் நெரிசல் இருக்கும், ஆனால் அங்கே ஆளுக்கு ஆள் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெட்டியின் கோடியில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தூக்கம் கலையாமல் பார்த்துக்கொள்வதே எல்லோருடைய பயணமாக இருந்தது.

முதலாளிக்குத் தெரிந்த மளிகைக்கடை ஒன்றில் இரவுக்கு இடம் கிடைத்தது. கடைக்காரர் வேலாயுதம் அண்ணன் நல்ல மனிதர். அலமாரியில் தேங்காய் எண்ணெயும் அடுப்புக்கரியும் தவிர ஒன்றும் இல்லை. நான் பெட்டியைத் திறந்து நாளைக்கு உடுத்த வேண்டிய வேட்டியை எடுத்து உதறினேன். கடையில் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசி மல் வேட்டி. அதன் வெள்ளையைப் பார்த்து வேலாயுதம் அண்ணன் வியந்துபோய்விட்டார்.

"நல்ல வேட்டி லா தம்பி. தோட்டத்துப் பக்கம் போறப்ப இதைக் கட்டாதீங்க."

"ஏண்ணே?"

"அங்க போய்ப் பாருங்க."

துரையின் விருந்தாளி அழுக்கு வேட்டியோடு போவதா என்று நினைத்துக்கொண்டு நான் தலையணைக்கடியில் அதை மடித்து வைத்துப் படுத்தேன். அன்று இரவு மெர்போக் பக்கம் மின்னி, இடி இடித்துக் கொட்டியது. டவுனில் புழுதி அடங்குகிற அளவுக்குத்தான் தூறல். இந்த ஊர் மழை அப்படித்தான். ஒரு தோட்டத்தில் வெள்ளம் ஓடும், அடுத்த தோட்டத்தில் மண் காய்ந்து கிடக்கும்.

காலையில் லாரி வந்தது. பெட்ரோல் இல்லாத காலமாகையால் பின்னால் ஒரு பெரிய பீப்பாயில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஓட்டுநர் மாட் என்ற மலாய்க்காரர். மேடு வந்தால் லாரி நின்றுவிடும். அவர் இறங்கிப் போய்க் கரியைக் கிளறுவார். "என் பெண்டாட்டியைக்கூட நான் இவ்வளவு கெஞ்சியதில்லை" என்று மலாயில் முனகினார். நான் சிரித்தேன். துரை என்ன என்று கேட்டார். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த கிராணி தங்கையா அதை ஜப்பான் பாஷையில் சொன்னார், துரையும் சிரித்தார். சுற்றுலா அப்படிச் சந்தோஷமாகத்தான் தொடங்கியது.

தங்கையா தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. வெள்ளைக்காரத் துரையிடம் இங்கிலீஷில் பேசியவர், இப்போது ஜப்பான் பாஷை படித்துக்கொண்டு இவரிடம் பேசுகிறார். துரை நான் பயந்த மாதிரி இல்லை. சட்டைப்பையில் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். அவர் வீட்டில் பரம்பரையாக அரிசியில் சாராயம் காய்ச்சுவதுதான் தொழிலாம். அங்கே ருசி பார்க்கிறவனுக்குத் தனி மரியாதையாம். அவன் குறை சொல்லிவிட்டால் முதலாளியே எழுந்து நின்று தலை குனிவாராம். அதனால்தான் தம்மோடு முன்னால் உட்காரச் சொல்லி என்னை வற்புறுத்தினார். பாவம் தங்கையா பின்னால் கரிப்பீப்பாயோடு உட்கார்ந்து வந்தார், துரை ஏதாவது கேட்டால் அங்கிருந்தே கத்தி மொழிபெயர்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அரிசியில் சாராயம் என்று கேட்டதும், அத்தனை அரிசியையும் சோறாகப் பொங்கினால் எவ்வளவு வரும் என்றுதான் நினைத்தேன்.

முதல் நிறுத்தம் மெர்போக் சாலையில். தோட்டத்துக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர். தமிழர்கள் ஆத்தோரத் தோட்டம் என்பார்கள். மழை ஈரம் இன்னும் காயவில்லை. ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். லாரி நின்றதும் எல்லோரும் இடுப்பு வரை குனிந்தார்கள். முன்னால் இறங்கியவன் நான். துரை அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். ஆகவே அவர்கள் குனிந்தது என் வேட்டியைப் பார்த்துத்தான்.

நிமிர்ந்த பிறகு நான் அவர்களைப் பார்த்தேன். துணிக்கடைக்காரனுக்கு முகத்துக்கு முந்தி துணிதான் கண்ணில் படும். ஆண்கள் சாக்கை அரைக்குச் சுற்றியிருந்தார்கள். பெண்கள் மிகக் கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள், அவர்களும் பின்வரிசையில் ஒருத்தி மேல் ஒருத்தி ஒண்டி நின்றார்கள். அரிசி வந்த சணல் சாக்கைத் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருந்தார்கள். ஒருத்தியின் வயிற்றில் அரிசி மில்லின் மார்க் அப்படியே இருந்தது. மற்ற பெண்கள் எங்கே என்று தங்கையாவைக் கேட்டேன். "வீட்டுக்கு இப்படி ஒரு சாக்குதான் இருக்கும் தம்பி. ஒருத்தி மாட்டிக்கிட்டு வந்தா மத்தவ உள்ள இருக்கணும்" என்றார், சாதாரணமாக. வேலாயுதம் அண்ணன் ஏன் வேட்டியைக் கட்டாதே என்றார் என்று அப்போது புரிந்தது. அவிழ்த்து எறிய முடியுமா? மேல்துண்டை எடுத்துத் தொடை மேல் போட்டுக்கொண்டேன். அதுவும் வெள்ளை.

தென்னைகள், ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்தன. மரமேறி பழனி அப்போதுதான் இறங்கினான். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் பாளை சீவும் அரிவாள், முதுகில் கலயம். தரையில் கால் பட்டதும் கலயத்திலிருந்து கொஞ்சம் எடுத்து மரத்தடியில் ஊற்றினான். முனியாண்டிக்கு. பிறகு ஒரு சிரட்டையில் மொண்டு எங்கள் கண் முன்னால் தானே ஒரு வாய் குடித்தான். எங்களுக்கு ஊற்றும்போது என்னைப் பார்த்துச் சொன்னான்:

"நேத்து நல்ல மழைங்கய்யா."

"ஆமாமா, நானும் பார்த்தேன். நல்ல மழை" என்றேன் நான், பெரிய மனுஷத் தோரணையில்.

அவன் முகம் தெளிந்தது. நான் சிரட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். புளித்த வாடை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். புளித்துப்போன மோர் மாதிரி இருந்தது. நல்லதா கெட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? துரை தம் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்தில் கள்ளுக்கடை ஓரமாகப் போகும்போதெல்லாம் என் காதில் விழுந்த ஒரே புகார் நினைவுக்கு வந்தது. கள்ளைப் பற்றி எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

"தண்ணி சேர்ந்திருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டு உதட்டைச் சப்புக்கொட்டியும் காட்டினேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தங்கையா மொழிபெயர்த்தார். துரை தாமும் குடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து மெச்சுதலாகத் தலையாட்டினார். பழனி, நான் வேறு பாஷை பேசுகிறவன் என்று திடீரென்று கண்டுபிடித்தவன் மாதிரி என்னைப் பார்த்தான். லாரியில் ஏறும்போது எனக்கு ஒரே பூரிப்பு. முதல் கல்லே மாங்காயை வீழ்த்திவிட்டதே என்று.

அடுத்தது தங்கையா வேலை பார்க்கும் தோட்டம். அங்கே மண் காய்ந்து கிடந்தது. கள் கெட்டியாக, நுரை தள்ளிக்கொண்டு இருந்தது. முன்னது மாதிரி இல்லை என்கிற வித்தியாசம் எனக்கே தெரிந்தது. "நல்ல நெருக்கமா இருக்கு, சாயம் போகாது" என்று புடவையைச் சொல்வது போலச் சொன்னேன். தங்கையா அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, துரை கைகொட்டி மகிழ்ந்தார். இரண்டாவது சிரட்டையும் குடித்தேன். மூன்றாவதும் குடித்தேன் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு தங்கையாவின் வீட்டில். அவர் மனைவி இலை போட்டார். அரிசியைத் துரை கொடுத்து அனுப்பியிருந்தாராம். வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். சோற்றின் ஆவி முகத்தில் அடித்ததும் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. வாரி அடைத்தேன். கேட்டு வாங்கினேன். மறுபடியும் கேட்டேன். அந்த அம்மா கரண்டியைப் பானைக்குள் விட்டு அடியைச் சுரண்டியபோது, "இதான் கடைசி, மிச்சம் வைக்காமச் சாப்பிடுங்க" என்றார். நல்ல உபசாரம் என்று நினைத்து இலையை வழித்தே எடுத்துவிட்டேன்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது பார்த்தேன். அந்தக் காலிப் பானையில் ஒட்டியிருந்த பருக்கைகளில் அவர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தம் பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் தம்ளரில் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பானையை மறைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்தது அவர், வெட்கம் எனக்கு. கழுவாத கையோடு திரும்பி வந்துவிட்டேன்.

துரை நிழலில் கண் அயர்ந்தார். தங்கையா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு பேசினார்.

"நீங்க நம்ம தோட்டத்துக் கள்ளை நல்லாச் சொன்னீங்க தம்பி. மரமேறிக்குப் பொண்டாட்டி புள்ளைங்க நெறைய. பொழச்சான்."

"பொழச்சான்னா?"

"தெரியாதா உங்களுக்கு? மூணு தோட்டத்துல ரெண்டு போதும் இவங்களுக்கு. எந்தத் தோட்டத்துக் கள்ளு வேணாமோ அந்த மரமேறி சும்மா தானே இருக்கான். அவன் சயாமுக்கு. ரயில் பாதை போடுற வேலைக்கு. இத்தன நாளா மரமேறிங்களத் தொடாம விட்டு வச்சாங்க. இப்ப ஆள் பத்தல."

"போனா எப்ப வருவாங்க?"

"போனவன் எவனும் இன்னும் வரல லா."

குடித்த கள் முழுவதும் ஒரே நொடியில் இறங்கிப்போன மாதிரி இருந்தது. "அப்ப நான் காலையில சொன்னது?" என்றேன்.

"துரை தலையாட்டினாரே. அதான் கணக்கு. இன்னும் ஒரு தோட்டம் இருக்கு. அங்க இதைவிட மோசமா இருந்தா பழனி தப்பிச்சான்."

மூன்றாவது தோட்டத்துக்குப் போகும் வழியில் லாரி இரண்டு இடத்தில் நின்றது. அது அங்கேயே செத்துத் தொலையக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். மாட் கரியைக் கிளறிக் கிளறி உயிர் கொடுத்துவிட்டார். துரை ஏதோ பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு வந்தார். வெளியே கித்தா என்கிற ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பால் வெட்ட ஆளில்லாமல் அடியில் புல் மண்டிக் கிடந்தது.

அங்கே மரமேறி நரைத்த ஆள். கால் தாங்கித் தாங்கி நடந்தார். கிட்டே வந்து, என் நெற்றியில் இருந்த விபூதியையும் நான் சிரட்டையைப் பிடித்திருந்த விதத்தையும் பார்த்துவிட்டு, "அய்யாவுக்குப் பழக்கம் இல்லபோல. வேணாம்னா நாக்குல மட்டும் வச்சுக்குங்க" என்றார் மெதுவாக. காலையிலிருந்து என்னைச் சரியாகக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான். இவர் கள்ளை மோசம் என்று சொன்னால் பழனி பிழைப்பான். அந்தச் சொல் என் நுனி நாக்குக்கு வந்தும்விட்டது. அவர் கால் தாங்குவதைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையாவிடம் சொன்னேன்: "துரைகிட்ட சொல்லுங்க. எனக்குக் கள்ளைப் பத்தி ஒண்ணும் தெரியாது. வாழ்க்கையில இன்னைக்குத்தான் குடிக்கிறேன். காலையில நான் சொன்னது பொய். அதை வச்சு யாரையும் அனுப்ப வேணாம்னு சொல்லுங்க."

தங்கையாவின் முகம் வெளுத்தது. துரை ஆவலோடு பார்த்தார். தங்கையா அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நான் சொன்னதில் கால்வாசி நீளம்கூட இல்லை. துரை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார், எழுந்து வந்து என் முதுகைத் தட்டினார், தம் பீங்கான் கிண்ணத்தில் எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உங்களுக்கு ஏறிப்போச்சுன்னு சொன்னேன்."

"கிராணியாரே..."

"உங்களைக் கூட்டியாந்தது நான் தம்பி." அவர் துரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "நீங்க பொய்னா நான் யாரு? அடுத்த லாரியில நான்தான். என் வீட்டுல சாப்பிட்டீங்கல்ல, புள்ளைங்களப் பாத்தீங்கல்ல?"

பார்த்தேன்தான். ஆனாலும் நானே துரையின் காலைப் பிடித்துக்கொண்டு கையாலும் தலையாலும் காட்டினேன். வாயைத் தொட்டு, இல்லை இல்லை என்று ஆட்டினேன். அவருக்கு அது வெறியாட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். விழுந்து விழுந்து சிரித்தார். லயத்து ஆட்களும் துரை சிரிக்கிறாரே என்று சிரித்தார்கள். நரைத்த மரமேறி மட்டும் சிரிக்கவில்லை. துரை அவருடைய கள்ளைத் தாமே ருசி பார்த்து, நல்லது என்றார்.

திரும்பும்போது என்னைப் பின்னால் போட்டார்கள். ஆத்தோரத் தோட்டத்துக்கு முன்னால் லாரி நின்றது. எதற்கும் தயாராக இரு என்று காலையிலேயே தங்கையா சொல்லி வைத்திருந்தாராம், பழனி தயாராக நின்றான். கையில் ஒரு சின்ன மூட்டை, இடுப்பில் அதே அரிவாள். லயத்தில் எல்லாக் கதவுகளிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு கதவு மட்டும் விரற்கடை திறந்திருந்தது, அதற்குள் யாரும் தெரியவில்லை. அவன் அந்தக் கதவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

லாரி குலுக்கிய குலுக்கில் நான் வாந்தி எடுத்தேன். தின்ற சோறு அத்தனையும் வந்தது. பழனி என் தலையைப் பிடித்துக்கொண்டான். தன் துண்டால் என் வேட்டியைத் துடைத்தான்.

"பாத்துண்ணே. வெள்ளை வேட்டி, கறை பிடிச்சுக்கும்."

கொஞ்ச தூரம் போனதும் அவனே பேசினான். "அங்கயும் தென்னை இருக்குமாம். கிராணி சொன்னாரு. அதான் அரிவாளக் கொண்டாந்தேன்." பிறகு தயங்கிக் கேட்டான்: "அண்ணே, நான் தண்ணி ஊத்தலண்ணே. ராத்திரி மழையில கலயத்துல விழுந்தது அது. மழைக்கு மறுநாள் கள்ளு எளசாத்தான் இருக்கும், எங்க தோட்டத்துல அன்னைக்கு யாரும் குறை சொல்ல மாட்டாங்க. மழைன்னு மரமேறி வாயால ஒரு சொல் சொல்லிட்டு முத வாய் அவனே குடிச்சாப் போதும். நானும் சொன்னேனே. நீங்களும் ஆமான்னீங்களே."

வானிலையைப் பேசுகிறான் என்று நான் நினைத்தது அதுதான்.

"பழனி, எனக்கு அந்த வழக்கம் தெரியாது. எனக்குக் கள்ளே தெரியாது. இன்னைக்குத்தான் முதமுதலாக் குடிச்சேன்."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், குடிகாரனைத் தேற்றுகிற மாதிரி. "விடுங்கண்ணே. முத வாயிலயே தண்ணின்னு கண்டுபிடிச்சீங்க. பழகாத நாக்குக்கு அது தெரியுமா? உள்ளதைச் சொன்னீங்க, உங்க மேல எனக்கு வருத்தமில்ல."

நான் சத்தியம் பண்ணினேன். அவன் நம்பவில்லை. தன்னைச் சயாமுக்கு அனுப்பியது ஒன்றும் தெரியாத ஒரு வாய் என்பதைவிட, விஷயம் தெரிந்த ஒரு நாக்கு என்பதே அவனுக்குத் தேவையாக இருந்தது போலும்.

"எனக்கு ஒண்ணு செய்யுங்கண்ணே" என்றான் ஸ்டேஷன் வெளிச்சம் தெரிந்தபோது. "என் வீட்டுக்காரி அஞ்சலை. நான் பேராசையில தண்ணி ஊத்திட்டேன்னு நெனைக்கிறா. இவ்வளவு பெரிய மனுசன் சொன்னாரே, பொய்யா இருக்குமாங்கிறா. நீங்க போய்ச் சொல்லுங்க, மழைதான்னு. நீங்க சொன்னா நம்புவா."

ஸ்டேஷனில் அவனை ஒரு கிடங்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் குந்தியிருந்தார்கள். பழனியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சண்டை முடிந்து, திரும்பி வந்தவர்கள் பலரை விசாரித்தும் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை பினாங்குக்கு ரயில் ஏற வேண்டியவன், வேலாயுதம் அண்ணனிடம் ஒரு பழைய கைலி வாங்கிக் கட்டிக்கொண்டு மெர்போக் சாலையில் நடந்தேன். இரவே துவைத்துக் காயப்போட்டிருந்த வேட்டியை மடித்துக் கையில் வைத்திருந்தேன். எடுத்துப் போக என்னிடம் வேறொன்றும் இல்லை. ஆட்கள் வேலைக்குப் போய்விட்டதால் லயம் வெறிச்சென்று கிடந்தது. அந்தக் கதவை எனக்கு அடையாளம் தெரிந்தது.

"அஞ்சலையம்மா" என்றேன்.

கதவு விரற்கடை திறந்தது. ஆள் தெரியவில்லை. "யாரு?"

"நேத்து வந்தவன். கள்ளு ருசி பார்க்க வந்தவன்."

 வேட்டியை இடுக்கு வழியாக நீட்டினேன். கொஞ்ச நேரம் அது என் கையிலேயே இருந்தது. பிறகு உள்ளிருந்து ஒரு கை அதை இழுத்துக்கொண்டது. கதவுக்குப் பின்னால் துணி உதறுகிற சத்தம், சுற்றிக்கொள்கிற சத்தம். அந்தச் சத்தத்தைத் தினமும் கடையில் கேட்டவன் நான். அன்றைக்குக் கேட்கவே கூசியது.

"பழனி தண்ணி ஊத்தல. அது மழைத் தண்ணி. அவர் என்கிட்ட காலையிலயே சொன்னாரு, எனக்குத்தான் புரியல" என்றேன்.

"பெனாங்குலேர்ந்து வந்த பெரிய ஆளு, உங்களுக்கா புரியல?"

"நான் பெரிய ஆளு இல்லம்மா. துணிக்கடையில வேலை செய்றவன். கள்ளை நான் அதுக்கு முன்ன தொட்டதே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அவள் நம்பினாள். அது எனக்கு உடனே தெரிந்தது. அவள் மூச்சு மாறியது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டாள்:

"கள்ளு தெரியாதுன்னா அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

முதலாளி அனுப்பினார் என்று சொல்லியிருக்கலாம். துரை கூப்பிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"சோறு போடுவாங்கன்னு வந்தேன்" என்றேன்.

உள்ளே பாய் சரசரத்தது. தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

"சோறாம்மா? சோறு வந்திருக்கா?"

"இல்லடி" என்றாள் அஞ்சலை. "அது நேத்து அவங்க சாப்பிட்டது."

கதவு சாத்திக்கொண்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாலைக்கு வந்தேன்.